எதிர்பார்த்த கோளாறு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் குக்கர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. கோபம் வெடிப்பதற்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு சீறல் வரும். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலியோடு நகர்ந்துகொள்வார்கள். இதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கிற ஜாதி நானில்லை, குரைத்து எச்சரித்துவிட்டுத்தானே கடிக்கிறேன் என்பாள்.

ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் அவள் வேறு ஆள். கூப்பிடுகிறவர் கத்துவார், அழுவார், வாயில் வந்தபடி திட்டுவார். இவள் குரல் ஒரு நூல் உயராது. எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள் என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிடுவாள். ஊர்க்காரர்களிடம் காட்டும் பொறுமையில் கால்வாசியை வீட்டில் காட்டினால் போதும் என்பது அவள் கணவரின் நெடுநாள் விண்ணப்பம். அவர் சாவி செய்யும் கடை வைத்திருந்தார். பூட்டோடு பழகிப் பழகி வாயையும் பூட்டிக்கொண்ட மனுஷன் என்பாள் அவள்.

அந்த வருடம் அவள் கோபத்துக்குத் தீனி போட்டது புதிதாக வந்த கம்ப்யூட்டர் புரோகிராம். அதற்கு முன்னால் விலாசத்தைத் தாளில் எழுதி, வயர்லெஸ்ஸில் டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இப்போது அழைப்பவரின் எண், விலாசம், வரைபடம், பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்பது வரை எல்லாமே ஒரே திரையில். தொலைபேசிகூட அதற்குள்ளேதான். ஓடுகிற வரைக்கும் அருமையாக ஓடும். திடீரென்று நின்றுவிடும். திரை வெளிறிப்போய், அடித்த வார்த்தை பாதியில் தொங்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருக்கும். ஹேங் ஆகிடுச்சு, எனக்கும் ஹேங் ஆகிடுச்சு என்று வரிசை முழுக்கக் குரல் கிளம்பும்.

அப்படி நின்றால் மாடியிலிருக்கும் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட வேண்டும். அங்கேதான் வந்தது வினை. அந்தப் போனை எடுப்பவள் குக்கர் அக்காவின் நாத்தனார்.

நாத்தனாருக்கு நாற்பது தாண்டியும் வீட்டில் பேர் பாப்பாதான். பல வருடங்களுக்கு முன் இந்தப் பாப்பாவுக்குத் தன் சித்தி மகனைப் பேசி வைத்தவள் குக்கர் அக்கா. இரண்டு வீட்டாரும் கூடியிருந்த கூடத்தில் பாப்பா எழுந்து நின்று, இவரை எனக்குப் பிடிக்கவில்லை, என்னிடம் யாரும் இதைக் கேட்கவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னது நிஜம்தான், யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் சித்தி அன்றோடு குக்கர் அக்கா வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் மாட்டிய அண்ணன்காரர் வழக்கம்போல் வாயைப் பூட்டிக்கொண்டார். பிறகு விதி இருவரையும் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து போட்டது. அங்கே அவர்கள் ஒருவரையொருவர் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"மேடம், சன்னல் ஓர சீட். ஹேங்."

"காத்திருங்க மேடம். மூடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"சொல்ல முடியாது. மூடாதீங்க." டொக்.

ஏன் மூடக்கூடாது என்று அவள் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை. பாப்பா வேண்டாம் என்கிறாளா, அப்படியென்றால் செய்துதான் பார்க்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றும். முதலில் மவுஸைப் படபடவென்று தட்டுவாள். அசையாவிட்டால் மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கி, புரோகிராமைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, மறுபடி திறப்பாள். பெரும்பாலும் அது பலித்தது. மற்றவர்கள் வட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது இவள் அடுத்த அழைப்பை எடுத்திருப்பாள். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அந்த அழைப்பு ஒரு முற்பகலில் வந்தது. எதிர்முனையில் இருந்தவர் பஸ் டிரைவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்பா தம்ளரைத் தவறவிட்ட சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. கையைத் தூக்கச் சொன்னா ஒரு கைதான் வருது. என்னமோ பேசுறாரு, ஒண்ணும் புரியல."

இதற்கு மேல் அவளுக்குக் கேட்க வேண்டியதில்லை. மூளைக்கு ரத்தம் போகவில்லை, ஒவ்வொரு நிமிடமும் பொன் என்று தெரிந்துவிட்டது. விலாசம்தான் சிக்கல். ஒரு பெரிய கிடங்குக்குப் பின்னால் புதிதாக முளைத்த சந்துகளில் ஒன்று, பெயர்ப் பலகை கிடையாது. எந்த முனையில் திரும்ப வேண்டும், எந்த நிறக் கதவு, மாடிப்படி எந்தப் பக்கம் என்று அவர் விவரமாகச் சொல்ல, இவள் வார்த்தை விடாமல் அடித்தாள். வண்டியை அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். திரை வெளிறியது.

மறுபடி அமுக்கினாள். மறுபடி, மறுபடி. வண்டி கிளம்பிடுச்சா என்றார் அவர். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். எல்லாத் திரையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. மூக்கில் சீறல் வந்தது. மூன்று பொத்தானையும் சேர்த்து ஓங்கிக் குத்தி, புரோகிராமை மூடினாள்.

காதில் இருந்த சத்தம் அறுந்தது. தொலைபேசி அதற்குள்ளேதானே இருந்தது. அவள் அடித்த விலாசம், அவருடைய எண், அந்த மனிதருடைய மூச்சுச் சத்தம் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. திறந்த புதுத் திரை துடைத்த பலகை போல் வந்து நின்றது.

கிடங்கு என்பது மட்டும் நினைவிருந்தது. அந்த ஊரில் கிடங்குக்கா பஞ்சம். பெரிய கிடங்கு என்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு வண்டியை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அனுப்பினாள். அது தப்பான கிடங்கு. பஸ் டிரைவர் மறுபடி கூப்பிட்டார். வரிசையில் இருங்கள் என்று ஒரு பதிவுக் குரல் அவருக்குப் பதில் சொன்னது. கடைசியில் வேறொரு பெண் எடுத்து, விலாசத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டு அனுப்பிய வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் வீணாகியிருந்தது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். அவர் குரல் சந்தையின் அடுத்த கோடி வரைக்கும் கேட்கும் என்று பின்னால்தான் தெரிய வந்தது.

அதைச் சொன்னது மகன். அடுத்த வாரம் அவர் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார். காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. என் போனைக் கட் பண்ணது யாரு என்று வாசலில் நின்று கேட்டார். குக்கர் அக்கா எழுந்து நின்று, நான்தான் என்றாள். அவர் அவளைத் திட்டிய திட்டு அந்த அறை அதுவரை கேட்டதில்லை. நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. சீறல் வரும் என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. தலையைக் குனியாமல், எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் நின்று வாங்கிக்கொண்டாள். அவர் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தபோது ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டார்.

அன்று மாலை டைரக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடாத மனிதர், சட்டை கசங்காதவர். பஸ் டிரைவருக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறினால் நேர்ந்த தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர் என்ற இடத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடிந்துவிடும், உங்களுக்கும் நல்லது என்றார்.

"இதுல எது சார் எதிர்பாராதது? வாரம் தவறாம ஹேங் ஆகுதே" என்று கேட்டாள்.

வார்த்தைகளைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்றார் அவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டாள். அவர் கடிதத்தை நீட்டிய விதம்தான் அவளுக்கு ஆறவில்லை. வீடு போய்ச் சேர்ந்தும் பாத்திரங்கள் அவள் கையில் படாத பாடு பட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கணவர் கதவைத் திறந்தார். வாசலில் பாப்பா நின்றாள். மனிதர் தங்கையைப் பார்த்தார், உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார், பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீட்டில் பால் இருந்தது.

பாப்பா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள். மூடாதீங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன் என்றாள். ஏன்னு ஒரு தடவையாவது சொன்னியா என்றாள் இவள். கேட்டீங்களா என்றாள் அவள். பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. சித்தி, சித்தி மகன், அன்றைக்குக் கூடத்தில் யார் யார் முகத்தைப் பார்த்தார்கள் என்பது வரைக்கும் வந்தது. எதிர்வீட்டு சன்னல் திறந்து மூடியது. இருவரும் தொண்டை வறண்டு நிறுத்தியபோது பாப்பாவின் கண் கலங்கியிருந்தது. அது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"திரை நின்னா செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல அண்ணி" என்றாள். "அண்ணி" என்ற சொல்லை இருவரும் கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி இருந்தார்கள். "அது உள்ளுக்குள்ள வேறெதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது. மயங்கி விழுந்தவனைப் பத்தி யாராவது போன் பண்ணா முதல்ல நீங்க என்ன கேப்பீங்க? மூச்சு இருக்கான்னு பாருங்கன்னுதானே? புதைச்சிடுங்கன்னா சொல்வீங்க?"

பாப்பா விடவில்லை.

"அந்த நேரத்துல நீங்க பொத்தானை ஒரு தடவை அமுக்கினா அதுக்கு ஒரு வேலை. பத்து தடவை அமுக்கினா பத்து வேலை. மூச்சுத் திணறுறவன் நெஞ்சு மேல ஏறி உக்கார்ற மாதிரி. சரி, மூடத்தான் போறீங்க. மூடுறதுக்கு முன்னாடி, நின்ன திரையில விலாசம் அப்படியே தெரிஞ்சுதா இல்லையா?"

தெரிந்தது. மங்கலாக, வெளுத்துப்போய், ஆனால் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. நீலக் கதவு, இடது பக்கம் மாடிப்படி. பக்கத்திலிருந்த காகிதத்தில் பார்த்து எழுதியிருக்கலாம். கைப்பையில் சொந்த செல்போன் இருந்தது. அதிலிருந்து வண்டிக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். திரை உறைந்திருந்ததே தவிர, அவள் கை உறையவில்லையே. குக்கர் அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே பாப்பா."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"திட்டியிருப்பேன். ஆனா கேட்டிருப்பேன்."

பாப்பா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவர் பாலோடு திரும்பியபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. மூன்று தம்ளர் காபி போட்டார்.

காபி குடிக்கும்போது பேச்சு, ஏன் நிற்கிறது என்பதற்குத் திரும்பியது. பாப்பா தன்னால் ஆனதையெல்லாம் செய்திருந்தாள். புரோகிராம் செய்து கொடுத்த கம்பெனியோ, உங்கள் ஆட்கள் பழைய அழைப்புகளை மூடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து வைக்கிறார்கள், அதுதான் காரணம் என்று எழுதியிருந்தது. அதிலும் உண்மை இருந்தது. பழையதை மூடச் சொன்னபின் கொஞ்சம் குறைந்தது. ஆனால் எல்லா சீட்டும் ஒரே நேரத்தில் நிற்கிறதே, அது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டர்களை மாற்றிப் பார்த்தாள், ஒயர்களை மாற்றிப் பார்த்தாள். நேரம் காலம் இல்லாமல் வருகிறது என்றாள்.

"நேரம் காலம் எல்லாம் இருக்கு" என்றாள் குக்கர் அக்கா. "டீ தட்டு போனா நிக்கும். அந்தப் பெரியவர் விழுந்த அன்னைக்கும் போச்சு."

மாடியில் டைரக்டர் அறைக்கு விருந்தாளி வந்தால் உதவியாள் நல்ல கோப்பைகளில் டீ எடுத்துக்கொண்டு அவள் சீட்டைத் தாண்டித்தான் போவான். தட்டு போன கொஞ்ச நேரத்தில் திரை வெளுக்கும். அந்தத் தட்டைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். சகுனம் சரியில்லாத தட்டு என்று நினைத்திருந்தாளே தவிர, அதற்கு மேல் யோசித்ததில்லை.

பாப்பா தம்ளரைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது.

டைரக்டர் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை இருந்தது. ஊர் முழுக்க ஓடும் வண்டிகள், வரும் அழைப்புகள் எல்லாம் அதில் மின்னும். அதை மாட்டும்போதே பாப்பா சொல்லியிருக்கிறாள்: இந்தத் திரை ஒவ்வொரு முறை மின்னும்போதும் அன்றைய அழைப்புகள் அத்தனையையும் முதலிலிருந்து கேட்டு வாங்குகிறது, அதுவும் கீழே விலாசம் எழுதும் அதே இடத்திலிருந்து, இதற்கென்று அந்தப் பதிவுகளுக்குத் தனியாக ஒரு நகல் வைக்காமல் போட்டால் எல்லோரும் இதற்கு வழிவிட்டு நிற்க வேண்டிவரும் என்று. டைரக்டர் சிரித்துக்கொண்டே, அழைப்பு குறைவான நேரத்தில் மட்டும் போடுகிறேன், கவலைப்படாதீங்கம்மா என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் நம்பிவிட்டாள்.

"அவர் அறைக்குப் போய்ப் பாக்கணும்" என்றாள் பாப்பா.

"சாவி வேணும்னா சொல்லுங்க" என்றார் கணவர். பல வருடங்களில் அந்த வீட்டில் அவர் அடித்த முதல் ஜோக் அது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள்.

சாவி தேவைப்படவில்லை. டைரக்டர் ஊரில் இல்லாத ஒரு மந்தமான வேளையில், பராமரிப்பு என்று சொல்லிப் பாப்பா உள்ளே போனாள். கீழே ஒவ்வொரு சீட்டிலும் காகிதமும் பென்சிலும் வைத்து, எது வந்தாலும் முதலில் கையால் எழுதுங்கள் என்று குக்கர் அக்கா சொல்லி வைத்திருந்தாள். பாப்பா சுவர்த் திரையைப் போட்டாள். கீழே எழுத்துகள் இழுத்து இழுத்து வந்து நின்றன. அணைத்தாள், விட்ட இடத்திலிருந்து ஓடின. மறுபடி போட்டாள், நின்றது. இதற்கு மேல் என்ன சந்தேகம்.

இருவரும் சேர்ந்து டைரக்டரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். இந்தத் திரையைப் பார்த்துத்தான் பெரிய இடத்தில் நம்மை மதிக்கிறார்கள், புது வண்டிகள் கிடைக்கின்றன, அதையும் யோசியுங்கள் என்றார். அதில் பொய் இல்லை. புது வண்டிகள் வந்துதான் இருந்தன. பிறகு, தனி நகலுக்கு ஏற்பாடு செய்கிறேன், அதுவரை போட மாட்டேன், இந்த விஷயம் இந்த அறையைத் தாண்ட வேண்டாம் என்றார். குக்கர் அக்காவிடம் அந்தக் கடிதத்தை நினைவுபடுத்தவும் மறக்கவில்லை.

வெளியே வந்ததும், இவர் போட மாட்டார்னு நம்புறியா என்று கேட்டாள் அண்ணி. ஒரு தடவை நம்பினதே போதும் என்றாள் நாத்தனார்.

இரண்டு வாரம் திரைகள் மணியாக ஓடின. பிறகு வெளியூரிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. டீ தட்டு தாண்டிப் போனபோதே குக்கர் அக்கா பென்சிலைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு பெண் அழைத்திருந்தாள்; அவள் குழந்தை எதையோ விழுங்கி மூச்சு அடைத்துவிட்டது. விலாசம் அடிக்க அடிக்க எழுத்து நின்றது. குக்கர் அக்கா மவுஸைத் தொடவில்லை, எதையும் மூடவில்லை. விலாசத்தைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்து சீட்டில் வீசினாள். பக்கத்து சீட்டுக்காரி தன் செல்போனில் வண்டியைக் கூப்பிட்டாள். புரோகிராம் நின்றிருந்தாலும் தொலைபேசி அறுபடவில்லை. குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் எப்படித் தட்டுவது என்று குக்கர் அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை வீறிட்டு அழுத சத்தம் கேட்டது. வண்டியும் வாசலுக்குப் போய்விட்டது.

ஆனால் அறை முழுக்கக் காகிதங்கள் குவிந்தன. எழுதலாம், ஆனால் எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவுக் குரல் எத்தனை பேரை வரிசையில் இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ.

குக்கர் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் சீறவில்லை. சீறாமல் அவள் எழுந்ததைப் பார்த்துத்தான் பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியோடு நகர்ந்துகொண்டாள்.

டைரக்டர் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக நின்றார்கள். சுவரில் ஊர் முழுவதும் பச்சையும் சிவப்புமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. டைரக்டர் எதையோ பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் நேராகப் போய்க் குனிந்து, திரைக்குப் பின்னாலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

"இது எரியிற வரைக்கும் கீழ ஒரு வண்டியும் அனுப்ப முடியாது" என்றாள். "வேணும்னா வந்து பாருங்க."

குழுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள் இருந்தார். அவர் கோப்பையை வைத்துவிட்டு அவளோடு இறங்கி வந்தார். பின்னாலேயே டைரக்டரும் வந்தார். கீழே வந்து பார்த்தால் எல்லாத் திரைகளும் ஓடிக்கொண்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கியதும் பிடித்திருந்த மூச்சை விட்ட மாதிரி ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. பார்க்க ஒரு குறையும் இல்லாத அறை. டைரக்டர் லேசாகச் சிரித்து, வேலைப் பளு, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்றார். குக்கர் அக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை தீப்பிடித்தது. நோய் நின்றதும் சாட்சியும் போய்விட்டதே.

அப்போது மாடிப்படியில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மறுபடி சொருகிக் காட்டட்டுமா சார்?"

டைரக்டர் சிரிப்பை நிறுத்தினார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், மேசைகளில் குவிந்திருந்த காகிதங்களைப் பார்த்தார்.

"வேண்டாம்மா" என்றார். "யாரோ கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

நல்லது நடந்தது, அதற்குரிய கூலியும் கிடைத்தது. ஒழுங்கு மீறல் என்று குக்கர் அக்காவுக்கு மெமோ வந்தது. அவளுக்கு வரவேண்டிய ஷிப்டு தலைவி பதவி அவளைவிட இளையவளுக்குப் போனது. பாப்பாவை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். சுவர்த் திரையைக் கழற்றி எடுத்தார்கள். பிற்பாடு தனி நகலோடு மாட்டினார்கள். கம்பெனி ஆட்கள் வந்து, அடிக்கிற ஒவ்வொரு வார்த்தையும் உடனே பதிவாகிற மாதிரியும், புரோகிராம் நின்றாலும் மூடினாலும் தொலைபேசி அறுபடாத மாதிரியும் மாற்றிக் கொடுத்தார்கள். முதலிலேயே செய்திருக்க முடியுமா என்று குக்கர் அக்கா கேட்டாள். முடியும், யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

எதிர்பாராத கோளாறு என்ற கடிதம் மட்டும் அவள் கையெழுத்து இல்லாமலே பஸ் டிரைவருக்குப் போய்விட்டிருந்தது. அது தெரிந்த அன்று அவள் பாப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். நீலக் கதவு, இடது பக்கம் மாடிப்படி. டிரைவர் கதவைத் திறந்து, அவளை அடையாளம் கண்டதும் மூடப் பார்த்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. உங்களுக்கு வந்த லெட்டர் பொய்னு சொல்ல வந்தோம்."

உள்ளே பெரியவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அகன்ற மார்பு, கோணிய வாய். குக்கர் அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள். தான் மூடியதைச் சொன்னாள், மூடாதே என்று சொன்னவள் மேலிருந்த வீம்பில் மூடியதையும் சொன்னாள். பாப்பா தன் பங்கைச் சொன்னாள்: சுவர்த் திரையைப் பற்றி எச்சரித்தது, கிடைத்த வாக்குறுதி, அதை நம்பி அப்படியே விட்டது. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. இடது கையால் நாற்காலியின் கையை ஓங்கி அடித்தார், திரும்பத் திரும்ப அடித்தார். அடங்கட்டும் என்று மகன்கூட அவரைத் தொடாமல் நின்றார்.

"நான் புகார் குடுத்திருக்கேன். இதை விசாரணையில வந்து சொல்வீங்களா?" என்று கேட்டார் மகன்.

சொல்றேன் என்றாள் குக்கர் அக்கா. பாப்பாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனாலும் அவளும் சொல்றேன் என்றாள்.

சொன்னார்கள். இழுபறியாக நடந்த விசாரணையில் இருவரும் தனித்தனியாக வந்து, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார்கள். டைரக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். இது எதிர்பார்த்திருக்கக்கூடிய, தடுத்திருக்கக்கூடிய கோளாறு என்று தீர்ப்பில் எழுதினார்கள். பஸ் டிரைவர் இருவருக்கும் நன்றி சொல்லவில்லை. வாசலில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அது நியாயம்தான் என்று குக்கர் அக்கா நினைத்தாள்.

அன்று வீட்டில் பாப்பாவும் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். உப்பு கூடிப்போச்சு என்றாள் அவள், நாக்குல கோளாறு என்றாள் இவள். கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, ஜெயித்துவிட்டாயே, இனிமேலாவது கோபம் அடங்குமா என்று மனைவியைக் கேட்டார்.

"அந்தப் பெரியவருக்குப் பேச்சு வந்துடுச்சா?"

"இல்லையே."

"அப்புறம் என்ன கேள்வி இது" என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.